வீட்டு ரெக்கார்டிங்கில் தகராறா? சாஃப்ட்வேரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

"இந்த சாஃப்ட்வேர் சரியில்லை, வேறு எதற்காவது மாறிவிடலாமா?" வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்பவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். தாமதம் குறையவேண்டும், பொறிச்சல் சத்தம் வரக்கூடாது, தாளம் பிசகக்கூடாது, ப்ராஜெக்ட் காணாமல் போகக்கூடாது என்று அடுத்த வெர்ஷனுக்கு ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் கோளாறு செட்டிங்கில் இருக்கும், அல்லது டிரைவரில் (சவுண்ட் கருவியை கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் சிறு ப்ரோக்ராம்), கேபிளில், வீட்டுக் கரண்டில் இருக்கும். சாஃப்ட்வேரே காரணம் என்று சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். அவற்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போய் மேலிருந்து கீழாகப் பாருங்கள். காசு செலவில்லாதவை முதலில், பர்ஸைத் திறக்க வேண்டியவை பிறகு. மெனு பெயர்களை ரீப்பர், ஆடாசிட்டி, க்யூபேஸ் என்ற மூன்று ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கும் சொல்கிறேன். மற்றவற்றிலும் ஏறக்குறைய இதே பெயர்களில்தான் இருக்கும். தொடங்கும் முன் 'சேவ் ஆஸ்' கொடுத்து ப்ராஜெக்டை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கைந்தை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு "இப்போது இன்னும் மோசமாகிவிட்டது" என்று வருபவர்களுக்கு உதவுவதுதான் கஷ்டம்.

## பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகக் கேட்கிறது

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது: குரல் இரண்டு முறை கேட்கிறதா, ஒரே முறை பிந்திக் கேட்கிறதா?

இரண்டு முறை, எதிரொலி மாதிரி கேட்டால்

இன்டர்ஃபேஸில் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 'டைரக்ட் மானிட்டர்', அதாவது குரலை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் வசதி, ஆனில் இருக்கிறது, சாஃப்ட்வேரும் குரலைத் திருப்பி அனுப்புகிறது. ஏதாவது ஒன்றை அணைத்தால் தீர்ந்தது. ரீப்பரில் ட்ராக்கில் உள்ள ரெக்கார்ட் மானிட்டரிங் பட்டன், க்யூபேஸில் ட்ராக்கில் ஸ்பீக்கர் படம் போட்ட மானிட்டர் பட்டன், ஆடாசிட்டியில் 'சாஃப்ட்வேர் ப்ளேத்ரூ' (புது வெர்ஷன்களில் 'ஆடிபிள் இன்புட் மானிட்டரிங்'). நான் எப்போதும் டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் பக்கத்தைத்தான் அணைப்பேன், அதில் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. குரல் வறட்சியாகக் கேட்கிறது, ரிவெர்ப் இல்லாமல் பாட வரவில்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. சாஃப்ட்வேர் மானிட்டரை விட்டுவைத்து, அந்த ட்ராக்கில் ரிவெர்ப் போட்டு, அதில் 'ட்ரை' அளவைச் சுத்தமாகப் பூஜ்யமாக்குங்கள். நேர்க்குரல் இன்டர்ஃபேஸிலிருந்து வரும், ரிவெர்ப் மட்டும் சாஃப்ட்வேரிலிருந்து வரும். ரிவெர்ப் கொஞ்சம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியாது.

ஒரே முறைதான், ஆனால் பிந்தி வந்தால்

மாட்டியிருப்பது ப்ளூடூத் ஹெட்ஃபோனா? அப்படியானால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வருவதற்கே 100, 200 மில்லி செகண்ட் ஆகிவிடும். அதை எந்த சாஃப்ட்வேராலும் திரும்ப வாங்க முடியாது. ஒயர் வைத்த ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தின் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒலியே போன் பேசும் தரத்துக்கு இறங்கிவிடும், அது தனிச் சங்கடம்.

அடுத்தது டிரைவர். விண்டோஸில் எம்எம்இ அல்லது டைரக்ட்சவுண்ட் என்ற பொது வகை தேர்வாகி இருந்தால் தாமதம் இருக்கத்தான் செய்யும். இன்டர்ஃபேஸ் கம்பெனியின் தளத்திலிருந்து அதற்கான ஏசியோ டிரைவரை (தாமதம் குறைய என்றே செய்த வகை) இறக்கி, சாஃப்ட்வேரின் டிவைஸ் செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுங்கள். தனி டிரைவர் இல்லாத மலிவு சவுண்ட் கார்டு என்றால் ஏசியோ4ஆல் என்ற பொது டிரைவர் இலவசமாகக் கிடைக்கும், ஓரளவு கைகொடுக்கும். ஆடாசிட்டியின் 3-ஆம் வரிசை வெர்ஷன்கள் விண்டோஸில் ஏசியோவோடு வருவதில்லை. அங்கே வசாபி என்ற விண்டோஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, குரலை டைரக்ட் மானிட்டரில் கேட்பதுதான் நடைமுறை. மேக் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

பிறகு பஃபர் சைஸ், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கை. 48,000 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) 1024 பஃபர் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லி செகண்ட். உள்ளே வர, வெளியே போக இரண்டும் சேர்ந்து 40-ஐத் தாண்டும். 128 ஆக்கினால் ஒரு வழிக்கு 2.7 தான். ரீப்பரில் திரையின் வலது மேல் மூலையில் சிறிய எழுத்தில் சாம்பிள் ரேட், பஃபர், உள்வரும் வெளிப்போகும் தாமதம் எல்லாம் வரிசையாகத் தெரியும். அந்த இரண்டு மில்லி செகண்ட் எண்களையும் கூட்டிப் பாருங்கள். 10-க்குள் இருந்தால் அநேகமாக யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே அந்த அளவு தாமதம் காற்றில் வந்துவிடுகிறது. 128 வைத்ததும் க்ளிக் சத்தம் வந்தால் 256-க்கு ஏற்றுங்கள். பாடும்போது குறைவாக, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றி மாற்றி வைப்பது எல்லா ஸ்டூடியோவிலும் நடப்பதுதான்.

பஃபர் 128-ல் இருந்தும் தாமதம் குறையவில்லை என்றால் எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கைப் பாருங்கள். யாராவது வீடியோ பார்த்து அங்கே மாஸ்டரிங் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ மாதிரி ஒரு ப்ளக்இன்னை (சாஃப்ட்வேரில் சேர்த்துக்கொள்ளும் எஃபெக்ட்) போட்டு வைத்திருப்பார்கள். இவை ஒலியைக் கொஞ்சம் பிடித்துவைத்துத்தான் வெளியே விடும். ரீப்பரில் எஃப்எக்ஸ் ஜன்னலின் கீழே எத்தனை சாம்பிள் பிடித்துவைக்கிறது என்று எண்ணே காட்டும். க்யூபேஸில் 'கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பன்சேஷன்' பட்டனை அழுத்தினால் பாடும் நேரத்துக்கு மட்டும் இவை ஒதுங்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் டெக்னீஷியன் தேவையில்லை. இவ்வளவு செய்தும் தீரவில்லை என்றால் இன்டர்ஃபேஸை நண்பர் வீட்டு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு. அங்கேயும் அப்படியே இருந்தால், சொந்த ஏசியோ டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்க வேண்டியதுதான்.

## பாடும்போது சரியாக இருந்தது, பதிவானது மட்டும் கரோக்கியோடு சேரவில்லை

இதிலும் இரண்டு வகை. பாட்டின் ஆரம்பத்திலும் முடிவிலும் பிசகு ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள். பல்லவியில் ஒரு இடத்தையும் கடைசி வரியில் ஒரு இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே அளவு பிந்தியிருந்தால்

சாஃப்ட்வேர் கணக்குப் பார்க்கும் தாமதமும் உண்மையான தாமதமும் ஒத்துப்போகவில்லை. ஆடாசிட்டியில் 'லேட்டன்சி காம்பன்சேஷன்' (தாமதத்தை ஈடுகட்டுவது) என்ற கட்டத்தில் -130 மில்லி செகண்ட் என்று பொதுவாக ஒரு எண் போட்டிருப்பார்கள். அது எல்லார் கம்ப்யூட்டருக்கும் பொருந்த வாய்ப்பே இல்லை. அளந்துதான் போடவேண்டும். இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளை மாட்டுங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, டைரக்ட் மானிட்டரையும் ஆஃப் செய்துவிடுங்கள், இல்லையென்றால் சுற்றிச் சுற்றி ஊளையிடும். காம்பன்சேஷனை 0 ஆக்கி, ஒரு மெட்ரோனோம் ட்ராக்கை ஓடவிட்டுப் புது ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். மேலே உள்ள அடிக்கும் கீழே பதிவான அடிக்கும் இடையே எத்தனை மில்லி செகண்ட் என்று தேர்வு செய்து பார்த்தால், அதுதான் உங்கள் எண். மைனஸ் போட்டு எழுதுங்கள். பஃபரையோ டிரைவரையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

ரீப்பரில் பிரிஃபரன்சஸ் போய் ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் 'டிரைவர் சொல்லும் லேட்டன்சியைப் பயன்படுத்து' என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். சில டிரைவர்கள் பொய் சொல்லும். அப்படியானால் அதே பக்கத்தில் நாமே எண் கொடுக்கவும் இடம் இருக்கிறது.

போகப் போகக் கூடினால்

மைக் ஒரு யூஎஸ்பி சாதனத்திலும் ஹெட்ஃபோன் கம்ப்யூட்டரின் ஜாக்கிலும் இருக்கும். சாம்பிள்களை எண்ணும் உள்கடிகாரம் இரண்டிலும் தனித்தனி. இரண்டையும் ஒரே இன்டர்ஃபேஸுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மேக்கில் இரண்டையும் சேர்த்தே ஆகவேண்டும் என்றால் 'அக்ரிகேட் டிவைஸ்' உருவாக்கி 'டிரிஃப்ட் கரெக்ஷன்' டிக் போடவேண்டும்.

போனில் வீடியோவும் கம்ப்யூட்டரில் ஆடியோவும் தனித்தனியாக எடுப்பவர்களுக்கு இது தவிர்க்க முடியாது. மூன்று நிமிடப் பாட்டில் தெரியாது. ஒரு மணி நேரக் கச்சேரி என்றால் கடைசியில் உதடும் குரலும் பிரிந்துபோவது நன்றாகவே தெரியும். ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ஒரு கைதட்டு எடுத்துக்கொண்டு, ஆடியோவை இந்த இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிதாக நீட்டியோ சுருக்கியோ பொருத்துவதுதான் சுலபம்.

## பொறிச்சல், க்ளிக், நடுவே அறுபடுதல்

பதிவிலேயே இருக்கிறதா, கேட்கும்போது மட்டும் வருகிறதா? அதே இடத்தை மூன்று முறை போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் சத்தம் வந்தால் பதிவு நன்றாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. ஒரே இடத்திலேயே வந்தால் பதிவில் ஏறிவிட்டது.

கேட்கும்போது மட்டும் வந்தால்: பஃபரை 1024 ஆக்குங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இதோடு முடிந்துவிடும். அப்புறமும் வந்தால், கனமான ப்ளக்இன் உள்ள ட்ராக்குகளை 'ஃப்ரீஸ்' செய்யுங்கள், அதாவது எஃபெக்டோடு சேர்த்து ஆடியோவாகவே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பதிவில் ஏறியிருந்தால்: அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இது கொஞ்சம் பொறுமையான வேலை, ஆனால் இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால், கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம். எந்த ப்ளக்இன்னாலும் முழுதாக மீட்க முடியாது. கெயினைக் குறைத்து மறுபடி பாடச் சொல்லுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் -12, -10 டெசிபலில் நின்றாலே தாராளம். சிவப்பு விளக்கு வரை தள்ளவேண்டிய காலம் போய்விட்டது.

அலை நடுவே வெடுக்கென்று துண்டித்து வேறு இடத்தில் தொடர்ந்தால், கம்ப்யூட்டர் சில சாம்பிள்களைத் தவறவிட்டிருக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை பதிவு செய்து பாருங்கள், பல லேப்டாப்பில் வைஃபை டிரைவர்தான் வில்லன். சார்ஜரை மாட்டுங்கள், பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள், 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை முடக்குங்கள். இன்டர்ஃபேஸ் யூஎஸ்பி ஹப்பில் இருந்தால் எடுத்து லேப்டாப்பிலேயே நேராக மாட்டுங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள். இதெல்லாம் ஆனபின் லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு சொல்லும். அந்த டிரைவரைப் புதுப்பிப்பது அல்லது பதிவு நேரத்தில் முடக்குவது அடுத்த படி. ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய லேப்டாப் என்றால் எஸ்எஸ்டி போடுவதில் செலவழிப்பது வீண் போகாது.

மூன்றாவது வகையில் அலை அறுபடாது, தட்டையாகவும் இருக்காது. ஆனால் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டதுபோல் பட் பட் என்று ஒழுங்கில்லாமல் சத்தம் வரும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் நிறையப் பார்க்கலாம். கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரம் ஏறியிருக்கிறது. மைக்கை மாற்றிப் போட்டால் சத்தம் நின்றுவிடும். சாஃப்ட்வேரில் எதைத் தொட்டாலும் நிற்காது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் ஓரிரு நாள் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஹேர் டிரையர் காட்டவே வேண்டாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் மைக் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நாமே வலையைக் கழற்றி டயஃப்ரத்தை (உள்ளே அதிரும் மெல்லிய சவ்வு) துடைக்கப் போனால் மைக்கைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும்.

## 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கிறது

இதற்கு சாஃப்ட்வேரைக் குறை சொல்வதில் பயனே இல்லை. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ரீங்காரமும் அதன் மடங்குகளில்தான் இருக்கும்.

லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். ரீங்காரம் நின்றால் எர்த் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைந்து உண்டான சுற்று. லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். அவசரத்துக்குப் பதிவு நேரத்தில் பேட்டரியிலேயே ஓட்டலாம். நிற்கவில்லை என்றால் ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, டிம்மர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அதிகமானால், அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். சைன் வேவ் வாங்கும்வரை அந்த நேரத்தில் ரெக்கார்டிங் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல். வீணையிலோ கிட்டாரிலோ பிக்கப் வைத்திருப்பவர்கள் தந்தியைத் தொட்டதும் ரீங்காரம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் பிக்கப்பின் ஷீல்டு வயரிங்கைப் பார்க்க வேண்டும், வாத்தியக் கடைக்காரர் செய்துகொடுப்பார். வெளியிலிருந்து வரும் மிக்ஸரோடு இணைக்கும்போது வந்தால், 'கிரவுண்ட் லிஃப்ட்' (ஆடியோ கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டி ஒன்று நடுவே போட்டால் போதும்.

சிலர் மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். நிற்கும்தான், ஆனால் செய்யாதீர்கள். அந்தப் பின் உயிரைக் காப்பாற்ற இருப்பது. லேப்டாப்பின் உலோக மேல்பகுதியைத் தொடும்போதோ, பாடுபவரின் உதடு மைக்கில் படும்போதோ சுருக்கென்று அடித்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுவரில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது.

## பாட்டின் சுருதி ஏறிவிட்டது

பதிவு செய்தது 44,100-ல், ஓடுவது 48,000-ல். வேகம் 8.8 சதவீதம் கூடும், சுருதி ஒன்றரை அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவே எங்கோ நிற்கும், எந்தச் சுருதிப் பெட்டியோடும் சேராது. மாற்றி நடந்தால் அதே அளவு இறங்கும். ப்ராஜெக்ட் சாம்பிள் ரேட், இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் உள்ள ரேட், விண்டோஸின் சவுண்ட் செட்டிங்கில் உள்ள ரேட் மூன்றையும் ஒன்றாக்குங்கள். பதிவான ஃபைல் கெட்டுப்போகவில்லை, அதன் ரேட் எது என்று சாஃப்ட்வேருக்குச் சரியாகச் சொன்னால் பழைய சுருதிக்கே வந்துவிடும். ஆடாசிட்டியில் ட்ராக் மெனுவில் 'ரேட்' என்று இருப்பது இதற்குத்தான்.

## ஹெட்ஃபோனில் குரல் இருக்கிறது, போனில் போட்டால் காணோம்

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் அடிக்கடி நடக்கிறது. பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கேட்பவர் போன் ஸ்பீக்கரில் போட்டால் தம்புரா கேட்கும், மிருதங்கம் கேட்கும், குரல் மட்டும் ஆவியாகியிருக்கும். மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்புட்டை ஸ்டீரியோ கேபிள் வழியாக லேப்டாப்பின் மைக் ஜாக்கிலோ லைன் ஜாக்கிலோ மாட்டியிருப்பார்கள். இடது சேனலில் வந்த அதே ஒலி வலது சேனலில் தலைகீழாக வரும். ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஸ்டீரியோ ட்ராக்கை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றை நீக்கிவிட்டு மற்றதை நடுவே வையுங்கள். குரல் திரும்பிவிடும். இனிமேலுக்குச் சரியான கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டையும் வெளியே அனுப்பும் முன் மாஸ்டரில் ஒருமுறை மோனோ பட்டனை அழுத்திக் கேட்பது நல்ல பழக்கம்.

குரல் ஒரு காதில் மட்டும் கேட்டால் அவ்வளவு சிக்கல் இல்லை. மைக் இன்புட் ஒன்றில் இருக்கும், ட்ராக் ஸ்டீரியோவாக இருக்கும். ட்ராக்கின் இன்புட்டை மோனோ ஆக்கினால் சரி.

## எதுவுமே பதிவாகவில்லை

ட்ராக்கில் சிவப்புப் பட்டன் போட்டிருக்கிறீர்களா, கண்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் (மைக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பட்டன்) ஆனில் இருக்கிறதா, சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா? மூன்றும் ஆமாம் என்றால் கம்ப்யூட்டரின் பிரைவசி செட்டிங்கில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸில் 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கிறது. மேக்கில் 2018-ல் வந்த மொஹாவேயிலிருந்து ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். முதல்முறை திறந்தபோது அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்தியிருப்பார்கள்.

## ப்ராஜெக்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தால் ட்ராக் காலியாக இருக்கிறது

திறக்கும்போதே மூடிக்கொண்டால்: பெரும்பாலும் ஒரு ப்ளக்இன். ரீப்பரில் ப்ராஜெக்டைத் திறக்கும் ஜன்னலிலேயே 'எஃப்எக்ஸ் ஆஃப்லைன்' என்று டிக் வைத்துத் திறக்கலாம். மற்றவற்றில் ப்ளக்இன் ஃபோல்டரில் இருப்பதில் பாதியை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் நகர்த்திய பாதியில் குற்றவாளி இருக்கிறான். அதில் பாதியைத் திரும்ப வையுங்கள். இப்படியே போனால் நூறு ப்ளக்இன்னிலும் ஏழெட்டுத் தடவையில் பிடித்துவிடலாம். கிராக் செய்த ப்ளக்இன் வைத்திருப்பவர்கள் அதிலிருந்தே தேடலை ஆரம்பித்தால் நேரம் மிச்சம்.

ட்ராக் காலியாக இருந்தால்: ப்ராஜெக்ட் ஃபைல் வேறு, ஆடியோ ஃபைல்கள் வேறு. ப்ராஜெக்டை மட்டும் பென்டிரைவில் காப்பி செய்து கொண்டுவந்திருப்பார்கள். பழைய கம்ப்யூட்டரில் மூல ஃபோல்டரைத் தேடி எடுங்கள். ரீப்பரில் சேவ் ஆஸ் கொடுக்கும்போது 'எல்லா மீடியாவையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குக் காப்பி செய்' என்ற டிக்கையும், க்யூபேஸில் 'பேக்கப் ப்ராஜெக்ட்' என்பதையும் பழகிக்கொண்டால் இந்தத் தலைவலி வராது. ஆடாசிட்டியில் வருடக்கணக்கில் இதே புலம்பல்தான். 2021-ல் வந்த 3.0-இல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலுக்குள் வைத்துவிட்டார்கள். ஆனால் ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போது அதைக் காப்பி செய்யாதீர்கள், பக்கத்தில் தோன்றும் துணை ஃபைல்களைக் குப்பை என்று நினைத்து அழிக்கவும் வேண்டாம். கடைசியாகப் பாடியது அதில்தான் இருக்கும்.

ஒன்ட்ரைவ், கூகுள் ட்ரைவ் ஃபோல்டருக்குள் நேரடியாகப் பதிவு செய்வதும் ஆபத்து. முடித்து மூடியபின் அங்கே காப்பி செய்யுங்கள்.

ப்ராஜெக்ட் ஃபைலே கெட்டிருந்தால் பக்கத்தில் 'பேக்' என்று முடியும் பழைய பிரதி இருக்கிறதா பாருங்கள். ரீப்பரும் க்யூபேஸும் வைத்திருக்கும். டிஸ்க்கே டக் டக் என்று சத்தம் போடுகிறது, அல்லது கம்ப்யூட்டர் அதை அடையாளம் காணவில்லை என்றால், உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். இலவச ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இறக்கி ஓட்டினால் மீதி இருப்பதும் போய்விடும்.

## டெம்போ மாற்றினேன், பாடிய ட்ராக் நகர்ந்துவிட்டது

ரீப்பர் ட்ராக்கை அடிகளோடு கட்டிவைத்திருக்கிறது. ப்ராஜெக்ட் செட்டிங்கில் 'டைம்பேஸ்' என்பதை 'டைம்' ஆக்குங்கள். க்யூபேஸில் ட்ராக்கில் உள்ள நோட்டுப் படத்தைக் கடிகாரப் படமாக மாற்றுங்கள். விருத்தம், ஆலாபனை பாடுபவர்கள் இதைப் பதிவுக்கு முன்பே செய்துவிடுவது உத்தமம்.

## பிட்ச் கரெக்ஷன் போட்டால் கமகம் செத்துவிடுகிறது

பாட்டு ஆசிரியர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி இது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்வரம் ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் தோடி. சுருதியைத் தானாகத் திருத்தும் சாஃப்ட்வேருக்கு அது சுருதி தவறிய குரல். இழுத்து நேராக நிறுத்திவிடும்.

முதலில் ரீட்யூன் வேகத்தை (குரலை எவ்வளவு சீக்கிரம் சுருதிக்கு இழுக்கிறது என்பது) குறையுங்கள், அதாவது மில்லி செகண்டைக் கூட்டுங்கள். 0-க்குப் பக்கத்தில் இருந்தால் ரோபோ குரல். 100-க்கு மேல் போனால் வேகமான அசைவுகள் தப்பிக்கும், நீண்ட கார்வைகள் மட்டும் மெல்லச் சரியாகும்.

அடுத்து ஸ்கேல். மேஜர், மைனர் என்று இருப்பதில் ஒன்றை எடுத்தால் பாதி ராகங்கள் நாசம். கஸ்டம் ஸ்கேலில் ராகத்தின் ஸ்வரங்களை மட்டும் வையுங்கள். ஒரு கட்டை சுருதியில் மாயாமாளவகௌளை என்றால் சி, டி ஃப்ளாட், இ, எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி. வேறு சுருதி என்றால் எல்லாவற்றையும் அந்த அளவு தள்ளிக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேலும் சரியாக வரவேண்டும் என்றால் ஆட்டோ முறையையே விட்டுவிடுங்கள். மெலடைன், க்யூபேஸின் வேரிஆடியோ, ரீப்பரோடு வரும் ரீட்யூனின் மேனுவல் பகுதி ஆகியவற்றில் திருத்த வேண்டிய இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் சொல்வது: கார்வை நிற்கும் ஷட்ஜம், பஞ்சமம், வரி முடியும் ஸ்வரம், இவற்றில் மட்டும் மையத்தைச் சரிசெய்யுங்கள். கமகம் வரும் பிடிப்புகளைத் தொடாதீர்கள். ஒரு பிடிப்பு உண்மையிலேயே பிசகியிருந்தால் அந்த வரியை மறுபடி பாடுவது சாஃப்ட்வேரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும். ஒரு முழு ஆல்பம் என்றால் கர்நாடக சங்கீதம் தெரிந்த எஞ்சினியரிடம் கொடுங்கள். ராகம் தெரியாதவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் எந்த அசைவு பிழை, எந்த அசைவு ராகம் என்று அவருக்குத் தெரியாது.

## மெட்ரோனோம் நம் தாளத்துக்கு வரவில்லை

மேலே சொன்னதும் இதுவும் நிஜமாகவே சாஃப்ட்வேரின் குறை. மெட்ரோனோம் நான்கு நான்காக அடிக்கும், ஆதி தாளத்தின் திருதங்கள் (முதல் நான்கு அடிக்குப் பின் வரும் இரண்டிரண்டு அடிப் பகுதிகள்) அதற்குத் தெரியாது. ரீப்பரில் டைம் சிக்னேச்சரை 8/4 ஆக்கி மெட்ரோனோம் பேட்டர்னில் 1, 5, 7-க்கு அழுத்தம் கொடுக்கலாம். மிஸ்ர சாபுவுக்கு 7/8 வைத்து 1, 4, 6. பேட்டர்ன் மாற்ற வசதி இல்லாத சாஃப்ட்வேரில், "தகிட தகதிமி" என்று நீங்களே சொல்லி ஒரு ஆவர்த்தனம் பதிவு செய்து அதை லூப்பில் ஓடவிடுங்கள். மாணவர்களுக்கு க்ளிக்கை விட இதுதான் பிடிக்கிறது.

இந்த மாதிரி விஷயங்களை அந்த சாஃப்ட்வேர் செய்பவர்களுக்கு எழுதத்தான் வேண்டும். கேட்டால் வருவதும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஃபெக்டை மாற்றும் வசதியைப் பல வருடம் கேட்டபின் ஆடாசிட்டி 2022-ல் 3.2-இல் கொடுத்தது. அதே ஆண்டு க்யூபேஸ் 12-இல் லைசென்ஸுக்காக மாட்டவேண்டியிருந்த யூஎஸ்பி டாங்கிளின் தொல்லையும் ஒழிந்தது. ஆனால் "மெட்ரோனோம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எட்டு அடியில் 4, 2, 2 என்று அழுத்தம் வேண்டும், இப்போது எந்த மெனுவில் போனால் என்ன மட்டும் கிடைக்கிறது என்று எழுதுங்கள். கோளாறு என்றால் சாஃப்ட்வேரின் வெர்ஷன், விண்டோஸா மேக்கா, இன்டர்ஃபேஸ் மாடல், சாம்பிள் ரேட், பஃபர், எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்ற வரிசை இவ்வளவும் வேண்டும். மற்ற ட்ராக்குகளையெல்லாம் நீக்கிவிட்டு, கோளாறு வரும் ஒரே ட்ராக் மட்டும் உள்ள சிறிய ப்ராஜெக்டையும் கூட அனுப்புங்கள். பாதிப் பேருக்கு அப்படி நீக்கிக்கொண்டே வரும்போதே எந்த ப்ளக்இன் குற்றவாளி என்று தெரிந்துவிடும், எழுத வேண்டிய வேலையும் மிச்சம்.